அரிப்புதானே!

வானொலி விளம்பரங்களின் கடைசி மூன்று வினாடியைக் கவனித்திருக்கிறீர்களா? "நிபந்தனைகளுக்கு உட்பட்டது, கையிருப்பு உள்ளவரை மட்டுமே" என்று ஒரு குரல் மூச்சு விடாமல் ஓடும். பத்து ஆண்டுகளாக அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. முக்கியமான விஷயத்தை யாருக்கும் புரியாத வேகத்தில் படிப்பதில் நான் கைதேர்ந்தவள். அப்படிப்பட்ட நான், என் தலையில் பூசிக்கொண்ட சாயத்தின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை ஒரு முறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

வானொலியில் முகம் தெரியாதே, உனக்கு எதற்குச் சாயம் என்று கேட்பீர்கள். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஸ்டூடியோவுக்குள்ளேயே கேமரா இருக்கிறது. காலை நிகழ்ச்சி முகநூலிலும் நேரலையாகப் போகிறது. வார இறுதியில் மேடை. ஒரு நாள் நேரலைக்கு நடுவே ஒரு நேயர், "அக்கா, ரொம்ப டென்ஷனா? முன்னாடி முடி நரைச்சிருச்சே" என்று எழுதினார். அக்கறையாகத்தான் எழுதினார். எனக்கு அப்போது வயது 32. அன்று மாலையே பார்மசிக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டேன்.

முதல் பெட்டியிலேயே காதுக்குப் பின்னால் லேசாக அரித்தது. அரிப்புதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை கொஞ்சம் கூடியது. பொடுகு என்று முடிவு செய்து, பொடுகு ஷாம்பு வாங்கினேன். தயிரும் வெந்தயமும் அரைத்துப் பூசினேன். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் குளியலறையில் குதித்ததும் உண்டு. "அமோனியாதான் காரணம், அமோனியா இல்லாததை வாங்கு" என்றார் அலுவலகத் தோழி. வாங்கினேன். அதுவும் அரித்தது.

இத்தனைக்கும் நான் சாயத்தைச் சந்தேகப்படவே இல்லை. ஏனென்றால் பூசிய அன்று ஒன்றும் ஆகாது. வியாழன் இரவு பூசினால் சனிக்கிழமைதான் அரிக்கும். அதற்குள் தலை எத்தனையோ பொருள்களைப் பார்த்துவிடுகிறது. ஸ்டூடியோவில் எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஹெட்போன்மீதுதான் எனக்குச் சந்தேகம். சொந்தக் காசில் புதிது ஒன்று வாங்கி, அதில் என் பெயரையும் ஒட்டி வைத்தேன். சக அறிவிப்பாளர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை நானும் என் காலை நிகழ்ச்சித் தோழரும் சேர்ந்து வழிநடத்த வேண்டும். வியாழன் இரவு சாயம் பூசினேன். நன்றாகப் பிடிக்கட்டும் என்று பத்து நிமிடம் கூடுதலாகவே வைத்திருந்தேன். வெள்ளி இரவு தலை முழுக்கத் தீப்பிடித்ததுபோல் அரித்தது. சீப்பின் முனையால் சொறிந்துகொண்டே தூங்கினேன். சனிக்கிழமை காலை எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. நெற்றி தடித்துப் பளபளவென்று இருந்தது. காது மடல்களிலிருந்து நீர் கசிந்தது.

எங்கள் தாமான் கிளினிக்கில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும், "அக்கா, உங்க குரல்! தினமும் கார்ல கேட்பேன்" என்றார். முகத்தை வைத்து அன்று என்னை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மூச்சு வாங்குகிறதா, தொண்டை, நாக்கு வீங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை என்று உறுதியானதும் நிதானமாக உட்கார்ந்து கேட்டார்.

"தலைக்கு எப்ப டை அடிச்சீங்க?"

"ரெண்டு நாள் ஆச்சு டாக்டர். ஆனா டையால இருக்காது. அடிச்ச அன்னைக்கு ஒண்ணுமே ஆகலையே."

"அதனாலதான் டைன்னு சொல்றேன்."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். சாயத்தால் வரும் அரிப்பு இரண்டு வகை. ஒன்று எரிச்சல். அமோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை தோலைச் சுடுவதால் வருவது. பூசும்போதோ கழுவிய சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும், சீக்கிரம் அடங்கியும்விடும். இன்னொன்று ஒவ்வாமை. இது தாமதமாக, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டும். உச்சந்தலைத் தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். கண் இமை, நெற்றியோரம், காது, பின்கழுத்து போன்ற மெல்லிய இடங்கள்தான் வீங்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், உடல் அந்தப் பொருளை அநேகமாக ஆயுள் முழுக்க மறக்காது. அடுத்தடுத்த முறை இன்னும் கடுமையாகலாம்.

பெரும்பாலும் குற்றவாளி, பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-ஃபினைலீன்டையமின். நிலையான கருஞ்சாயங்கள் பலவற்றில் இருப்பது. 2006ஆம் ஆண்டு அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்ததாம். எங்கள் துறையில் விருதுக்கு அலைகிறோம். இது அமைதியாக வாங்கிவிட்டது.

"சின்ன வயசுல கையில கருப்பு இனாய் போட்டிருக்கீங்களா அக்கா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிவம் 4 படிக்கும்போது, தீபாவளிச் சந்தையில், அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் என்று சொல்லி ஒரு கடையில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் கொடி வரைந்த இடமெல்லாம் கொப்புளம். கண் பட்டுவிட்டது என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார். புண் ஆறியும் ஓரிரு மாதம் அந்தக் கொடியின் தடம் கையில் இருந்தது.

உண்மையான மருதாணி இலை கருப்பாகப் பிடிக்காது. ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் வரும், அதற்கும் சில மணி நேரம் ஆகும். உடனே கருப்பாகப் பிடிக்கும் 'இனாயில்' பல நேரம் பிபிடியைக் கலந்திருப்பார்கள். கலந்து தலையில் பூசும் சாயத்தில் இது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. கருப்பு மருதாணிக் கூம்புகளில் அதைவிடப் பல மடங்கு இருந்ததுண்டு. பதினாறு வயதில் என் உடல் படித்து வைத்த எச்சரிக்கை அது. நான்தான் பதினாறு வருடம் கழித்து, அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

மாத்திரையும் தலைக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மேடையைத் தோழர் தனியாகச் சமாளித்தார். திங்கள் காலை கேமராவை அணைத்துவிட்டு, "தொழில்நுட்பக் கோளாறு நேயர்களே" என்று சொல்லி நிகழ்ச்சி நடத்தினேன். அது பொய். இந்தப் பத்தி வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று மாலை அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என் கண்மேல் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் அரிக்கும்தான்" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும், ஏழெட்டு வருஷம். டை அடிக்கிறதுக்கு முந்தின நாளே அலர்ஜி மாத்திரை ஒண்ணு போட்டுக்குவேன். அப்புறம் அவ்வளவா தெரியாது."

ஒரே வீட்டில் இருக்கிறோம். தலையணைமேல் அவர் துண்டு விரித்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் இருக்க என்று நினைத்தேன். புண்ணிலிருந்து கசிவது ஒட்டாமல் இருக்கவாம்.

ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். அம்மாவுக்கு 61 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வேலை. "வெள்ளத் தலையோட போய் நின்னா, பிள்ளைங்களத் தூக்கி ஓடியாட இந்தப் பாட்டியால முடியுமான்னு பெத்தவங்க யோசிப்பாங்கம்மா. ஒனக்கு ஒரு மேடை. எனக்கு தினமும் மேடை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் பூசுவது பெட்டிச் சாயம்கூட இல்லை. மளிகைக் கடையில் வாங்கும் சின்னப் பொட்டலம். முன்பக்கம் மருதாணி இலை படம், 'இயற்கை மூலிகை' என்று பெரிய எழுத்து. "இது இலைம்மா, இதுல ஒண்ணும் இல்ல" என்றார். பின்பக்க எழுத்து எறும்பு அளவு. கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கி, இருவரும் தலையோடு தலை சேர்த்துப் படித்தோம். நாலாவது வரியில் இருந்தது, அதே பாரா-ஃபினைலீன்டையமின். வானொலியில் மூன்று வினாடியில் படித்துத் தள்ளுகிறவள், அன்று அம்மாவுக்காக ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

முகம் ஆறிச் சில வாரம் கழித்து, இருவருமே அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள். இரண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாது. எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். இருவர் முதுகிலும் ஒரே இடத்தில் சிவந்திருந்தது. "மூக்குதான் என்ன மாதிரின்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

நீங்களும் சாயம் பூசுகிறவர் என்றால், நான் வலித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

தாளைப் படியுங்கள். பெரும்பாலான பெட்டிகளில், பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி வைத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கும். அதே சாயத்தைப் பல முறை பூசியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ஒவ்வாமை பத்தாவது பெட்டியிலும் வரலாம். ஏற்கெனவே வீக்கமோ கொப்புளமோ வந்திருந்தால் நீங்களே சோதிக்க வேண்டாம். டாக்டரிடம் போங்கள். கருப்பு இனாயில் புண் வந்தவர்களுக்கும் இதுதான்.

அரித்தால் முதல் வேலை, வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஷாம்பு போட்டு, சாயம் தங்காமல் நன்றாக அலசுவது. சொறியாதீர்கள். எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். குளிர்ந்த துணி ஒற்றுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி பூசும் அம்மாவின் வழி மிக ஆபத்தானது. மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் மழுப்பும், ஒவ்வாமையை நிறுத்தாது. முகமோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினால் யோசிக்காமல் 999ஐ அழையுங்கள்.

'அமோனியா இல்லை' என்றால் பிபிடி இல்லை என்று அர்த்தம் இல்லை. 'பிபிடி இல்லை' என்று விற்பவற்றிலும் அதன் நெருங்கிய உறவுக்கார இரசாயனங்கள் இருக்கலாம். பிபிடி ஒவ்வாமை உள்ள பலருக்கு அதுவும் சேராது. நம் நாட்டில் விற்கும் ஒப்பனைப் பொருள்களை என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் 'என்ஓடி' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். அவர்களின் இணையத்தளத்தில் பொருளைத் தேடிப் பார்க்கலாம். அங்கே இருப்பதால் உங்கள் தலைக்கு ஒத்துக்கொள்ளும் என்று உறுதியில்லை. எங்கும் இல்லாத பொட்டலத்தை நம்புவதைவிட மேல், அவ்வளவுதான்.

நான் சாயத்தை விட்டுவிட்டேன். நெற்றியோரம் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. கேமரா மறுபடி ஓடுகிறது. முதல் வாரம் கருத்துகளைப் படிக்கவே பயந்தேன். நாலு பேர் கேட்டார்கள், நாற்பது பேர் பாட்டு கேட்டார்கள்.

அம்மா அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஒரு மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டு போனார். கடைசியில், தெரிந்தவர் வீட்டு மருதாணிச் செடியிலிருந்து இலை பறித்து, காயவைத்து, அரைத்து, முழங்கையில் தடவிக் கடிகாரத்தைப் பார்த்து 48 மணி நேரம் காத்திருந்தார். அரிக்கவில்லை. அப்புறம்தான் தலைக்குப் போட்டார். நரையெல்லாம் செம்பட்டையாகிவிட்டது.

திங்கட்கிழமை பள்ளியில் ஐந்து வயதுப் பொடியன் ஒருவன், "டீச்சர், உங்க தலை ஏன் தே தாரிக் கலர்ல இருக்கு?" என்று கேட்டானாம். அதை எனக்குச் சொல்லிவிட்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒப்பந்தம் டிசம்பரில் புதுப்பிக்கப்படுமா என்று இன்னும் தெரியாது. ஆனால் தலையணைமேல் துண்டு இல்லை.