76-ஆம் நம்பர் நீலம்

"ஏனுங்க, இந்தக் கிண்ணத்துல எல்லாம் இருக்கறது ஒரே சாம்பல்தானுங்களே?" என்றாள் மனைவி.

ஒரே சாம்பலா! எனக்கு நெஞ்சை அடைத்தது. மேஜை மேல் ஒன்பது கிண்ணம், ஒன்பதும் ஒன்பது சாம்பல். (கிண்ணங்கள் அவளுடைய தயிர்வடைக் கிண்ணங்கள் என்பது தனி வழக்கு.)

விஷயம் இதுதான். பெங்களூர் நண்பன் ஒருவன் என் பிறந்தநாளுக்கு ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமானம் ஒன்று கொடுத்தான். ஃபோக்கே வுல்ஃப் 190, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் சண்டை விமானம். நிஜத்தில் இறக்கை பத்தரை மீட்டர். இது 72-ல் ஒரு பங்கு, அதாவது ஒரு சாண் கூட இல்லை.

"ஹிட்லர் ஏரோப்ளேன் நம்ம ஊட்ல எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. இதை வடிவமைத்த குர்ட் டாங்க் போருக்குப் பிறகு வேலை தேடி அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-ல் பெங்களூருக்கு வந்தவர். நம் நாட்டின் முதல் ஜெட் சண்டை விமானமான 'மாருத்' அவர் போட்ட படம்தான். 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் குண்டு போட்டது. "ஆகவே இது நமக்குச் சம்பந்தி முறை" என்றேன். அவள் கிண்ணங்களை எண்ண ஆரம்பித்தாள்.

ஒட்டுகிற வேலை ரெண்டு நாளில் முடிந்தது. பெயின்ட்தான் கெரகம். பெட்டியில் பெயின்ட் வராது. வெளியூரிலிருந்து தருவிக்கலாம் என்றால், தீப்பிடிக்கிற சரக்கு என்று கூரியர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜெர்மானியர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். அவர்களுடைய விமான அமைச்சகத்தின் பெயரைச் சுருக்கி 'ஆர்.எல்.எம்.' நம்பர் என்பார்கள். இந்த விமானத்துக்கு மேல்பக்கம் 74, 75. அடிப்பக்கம் 76. 74 பச்சை கலந்த சாம்பல், 75 ஊதா கலந்த சாம்பல், 76 வெளிர்நீலம். மேலேயிருந்து பார்ப்பவனுக்குத் தரையோடு கலக்கணும், கீழேயிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு கரையணும் என்ற கணக்கு.

இந்த நம்பரோடு டவுன்ஹால் பக்கம் ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன். கடைப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், பீரோவுக்கு அடிக்கிற கிரேயா, கேட்டுக்கு அடிக்கிற கிரேயா?" என்றான்.

பழைய போட்டோவைப் பார்த்து அடிக்க வேண்டியதுதானே என்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பக் கூடாது சார். அந்தக் காலத்துச் சில பிலிம்களில் சிவப்பு கறுத்துப்போகும், நீலம் வெளுத்துப்போகும். எங்கள் பாட்டியின் அரக்குக் கூறைப்புடவை கல்யாணப் படத்தில் கன்னங்கரேலென்று இருக்கிறது. கலர்ப் படமும் வயசானால் நிறம் மாறும். போர்க்களத்து விமானம் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுக்கும், கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடுவார்கள். 76-ஆம் நம்பர் என்று சொல்லிப் பூசியதே போர் முடிகிற சமயத்தில் பச்சையாகவும் மஞ்சளாகவும் திரிந்துபோனது என்கிறார்கள், இதையே ஆயுசு முழுக்க ஆராய்கிறவர்கள். கடைசியில் அச்சடித்த நிற அட்டை ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு, சூலூருக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் என் தாய்மாமா இருக்கிறார்.

மாமா திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷம் கலர் மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான், அதே நிறத்தைச் சாயத்தில் கொண்டுவரணும். கம்ப்யூட்டர் கணக்குச் சொன்னாலும் கடைசி வார்த்தை மாமாவுடைய கண்தான். டியூப்லைட்டில் ஒட்டுக்கா இருக்கிற ரெண்டு துணி வெயிலில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது, அதற்காகவே விதவிதமான விளக்கு மாட்டிய பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மாமா பெட்டியை நம்பமாட்டார். "வாசலுக்குக் கொண்டா" என்பார். 2011 ஜனவரி 28-ல், நொய்யல் கெட்டதற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவர் பட்டறை அப்புறம் திறக்கவேயில்லை. "ஆறு நம்ம கலர்ல ஓடுச்சு மாப்ள, மூடுனது நாயந்தான்" என்பார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

அட்டையைக் கையில் கொடுத்ததும் மாமாவுக்குப் பத்து வயசு குறைந்தது. ஊசி போடுகிற சிரிஞ்சில் பெயின்டை உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். 74 முடிந்தது. அட்டைக்கும் அதற்கும் ரோமம் அளவு வித்தியாசம் இல்லை. 75 வரும்போது ஊதா கொஞ்சம் தூக்கல் மாதிரி எனக்குத் தோன்றியது. 76-க்கு நீலத்தை விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார்.

"பத்தலையே மாப்ள."

எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. கிண்ணத்தில் இருந்தது காலண்டர் கிருஷ்ணர். அட்டையில் இருந்தது பனிக்காலத்து விடிகாலை வானம். மாமா ரெண்டையும் வாசலில், வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இப்பப் பொருந்திருச்சு" என்றார்.

சொல்லலாமா? இருபத்தாறு வருஷம் சோறு போட்ட கண்ணு சார் அது. "சூப்பருங்க மாமா" என்றேன். வீட்டுக்கு வந்து அந்த நீலத்தையே அடிக்கவும் செய்தேன்.

ராத்திரி அத்தைக்கு போன் போட்டேன். "எனக்கும் சந்தேகந்தான் கண்ணு. போன வாரம் ஊதாச் சட்டையப் பழுப்புன்னு சொல்லி எங்கூடச் சண்டைக்கு நிக்கறாரு" என்றார்.

கண்புரை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகிக்கொண்டே வருமாம். அந்த மஞ்சள் முதலில் விழுங்குவது நீலத்தையும் ஊதாவையும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார். ரெண்டு கண்ணுக்கும் ஒரு மாச இடைவெளியில் ஆபரேஷன் முடிந்தது.

போன ஞாயிறு விமானத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாங்கி, மேலே பார்த்தார், கவிழ்த்து அடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதை நாந்தானே கலக்குனேன்?"

"ஆமாங்க மாமா."

"அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சுதா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் அடிச்சிருக்கற. ஏன்டா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" குரலில் நிஜமாகவே கோபம். அப்புறம் அவரே, "கடேசி ரெண்டு வருசம் பட்டறையில எத்தனை லாட்டு இப்படிப் போச்சோ... எவனும் வாயத் தொறக்கல பாரு" என்றார். அத்தை காபியோடு வந்து நின்றார், போய்விட்டார்.

தின்னர் பாட்டிலை எடுத்து, பழைய பனியன் துணியில் நனைத்து, கிருஷ்ணரை மாமாவே துடைத்து எடுத்தார். மறுபடி கலக்கல். வெள்ளை, அதில் ஏழு சொட்டு நீலம், ஒரு சொட்டு கறுப்பு. வாசலுக்குக் கொண்டுபோய் அட்டையோடு வைத்தார். "இன்னும் ஒரு அரைச் சொட்டு மஞ்ச கேக்குது" என்றார். எனக்குத் தெரியவில்லை. விட்ட பிறகு தெரிந்தது.

அப்போது சூலூர் தளத்திலிருந்து கிளம்பிய தேஜஸ் ஒன்று, வீட்டு ஓடெல்லாம் அதிர, தலைக்கு மேலே போனது. மாமா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அது புள்ளியாகி மறைகிறவரை பார்த்தார்.

"இவனுக்கு என்ன நம்பரு மாப்ள?"