புதியவர் கேட்ட கேள்வி

கொரட்டூரில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாய் வாழும் குடும்பம் எங்களுடையது. ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயம் செல்வேன். ஆனால், சென்ற ஆண்டு அம்மா மறைந்தபின் என் உதடுகள் மட்டுமே ஜெபித்தன. உள்ளமோ கோடைக்கால ஏரிபோல் வறண்டு கிடந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அண்மையில் ஞானஸ்நானம் பெற்றார். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அவருக்கு வியாழன்தோறும் வேதபாடம் சொல்லித் தரும்படி ஆயர் என்னைப் பணித்தார். யோவான் 11-ஆம் அதிகாரம் வந்தது. லாசருவின் மரணத்துக்காக இயேசு அழுத இடத்தில் அக்கா நிறுத்தினார்.

“ஏன் தம்பி, எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் எதுக்கு அழுதாரு?”

ஓய்வுநாள் பள்ளியில் பரிசுக்காக நான் மனப்பாடம் செய்த சின்னஞ்சிறு வசனம் அது. ஒரு நாளும் இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை! நான் விழித்தேன். அவரே சொன்னார்: “அந்தக் கூடப்பொறந்தவங்க அழுவுறதப் பார்த்து அவருக்கும் தாங்கல போல.”

அம்மாவுக்காக நான் அடக்கி வைத்திருந்த கண்ணீர் அன்று பெருகியது. என்னோடு அழும் ஆண்டவரை அன்றுதான் கண்டேன்.

வைணவராய்ப் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தவரும் அவரே. பிறவிக் கிறிஸ்தவர்களாகிய நாம் அவர் பாடல்களை இன்றும் பாடி உருகுகிறோம். புதிதாய் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, நண்பர்களே!

வரும் வியாழன் 12-ஆம் அதிகாரம். அக்கா என்ன கேட்பாரோ என்று ஆவலோடு காத்திருக்கிறேன்.