பெயரில்லாத பஞ்சு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றை நாம் பக்தியோடு கேட்கிறோம். சிலுவையில் தொங்கிய இயேசுவின் வாயருகே, புளித்த திராட்சை இரசத்தில் தோய்த்து நீட்டப்பட்ட ஒரு பொருளைப் பற்றி மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூவரும் எழுதியிருக்கின்றனர். தமிழ் விவிலியப் பதிப்புகளுள் ஒன்று அதனைக் 'கடற்காளான்' என்கிறது. மற்றொன்று 'கடற்பஞ்சு' என்கிறது. காளான் என்றால் மழைக்காலத்தில் முளைப்பது. பஞ்சு என்றால் செடியில் வெடிப்பது. ஆனால் அந்தப் பொருள் காளானும் அன்று, பஞ்சும் அன்று. அது கடலடியில் வாழ்ந்த ஒரு பிராணியின் உலர்ந்த கூடு!

இது பிராணிதான் என்று அறிய மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பதை யார்தான் விலங்கு என்பார்கள்? ஸ்காட்லாந்து நாட்டு அறிஞரான இராபர்ட் கிராண்ட் 1825-ஆம் ஆண்டையொட்டி உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைக் கடல்நீரில் இட்டு நுண்ணோக்கியால் உற்று நோக்கினார். அதன் பெரிய துளையிலிருந்து நீர் ஊற்றுப்போல் ஓயாமல் பீறிட்டு வந்ததாம். எண்ணற்ற சிறு துளைகளின் வழியே நீர் உள்ளே போகிறது. அதிலுள்ள நுண்ணுயிர்களை உணவாக வடிகட்டிக்கொண்ட பிறகு பெரிய துளையின் வழியே வெளியேறுகிறது. வாயில்லை, வயிறில்லை, இதயமில்லை, நரம்பில்லை. ஆயினும் உயிர் வாழ்கிறது! இறைவனின் படைப்பில் இதுவும் ஒரு விந்தையன்றோ? நம் அறிவியல் பாடநூல் இவற்றைத் 'துளையுடலிகள்' என்று அழைக்கிறது.

உலகில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துளையுடலி இனங்களுக்கு இதுவரை பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் காரைக்கால் கடற்கரையில் மாலை முழுவதும் நடந்தாலும் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைக் காண்பது அரிது. அதற்குக் காரணமும் உண்டு. அவை பற்றிக்கொள்ளப் பாறையோ, பவளமோ, சிப்பியோ வேண்டும். நம்முடையதோ காவிரி கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறுமான கரை. அரசலாறு பெருக்கெடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல்நீர் கரையோரம் செம்மண் நிறமாகிவிடும். நீரை வடிகட்டி உண்ணும் பிராணிக்குச் சேற்று நீர் மூச்சையடைக்கும் அல்லவா? ஆகவே அவை தெளிந்த நீரும் கெட்டியான தரையும் உள்ள இடங்களில்தான் நன்றாக வளர்கின்றன.

எனக்கு இவற்றை அறிமுகப்படுத்தியது என் தந்தையின் வலை. அவர் விசைப்படகில் தொழில் செய்பவர். ஆழத்தில் வலை இழுக்கும்போது மீனோடும் இறாலோடும் சில சமயம் மஞ்சளாக, கருஞ்சிவப்பாக, விரல் விரலாகக் கிளைத்த ஏதோ ஒன்று ஏறிவரும். தொட்டால் சில வகை கையில் அரிப்பை உண்டாக்கும். "கழிவு" என்று சொல்லிப் படகில் உள்ளவர்கள் அதைத் திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு துண்டை எனக்காகக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்த தந்தை, "ஏம்மா, இதுக்குப் பேரு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில், பெயர் கண்டுபிடிப்பது எளிதா? இல்லவே இல்லை! மீனுக்குச் செதிலையும் துடுப்பையும் எண்ணலாம். பூவுக்கு இதழை எண்ணலாம். கடற்பஞ்சின் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பமுடியாது. அலை மோதும் இடத்தில் தட்டையாகப் படரும் ஓர் இனமே, அமைதியான நீரில் கிளை விட்டு வளரலாம். உயிரோடு இருக்கும்போது ஒளிவீசும் நிறம் ஆல்கஹாலில் போட்டவுடன் பெரும்பாலும் வெளுத்துவிடும். ஆகையால் ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்தவுடனே நிறம், உருவம், மணம், மென்மையா கெட்டியா என்ற தன்மை, துளைகளின் அமைப்பு, ஒட்டியிருந்த தரை, ஆழம் ஆகிய யாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள்.

உண்மையான அடையாளம் உள்ளேதான் இருக்கிறது. பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலில் ஸ்பிக்யூல் எனப்படும் நுண்முட்கள் நிறைந்துள்ளன. சிலவற்றில் அவை கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆனவை. சிலவற்றில் சுண்ணாம்பால் ஆனவை. இரு முனையும் கூரான ஊசி, ஒரு முனையில் தலையுள்ள குண்டூசி, நட்சத்திரம், நங்கூரம், வளைந்த கொக்கி என்று எத்தனை வடிவங்கள்! அவற்றின் நீளத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த வடிவம், எவ்வளவு நீளம், உடலின் எந்தப் பகுதியில் எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டே இனம் தீர்மானிக்கப்படுகிறது. குளியலுக்குப் பயன்படும் மத்தியதரைக் கடலின் பஞ்சில் இம்முட்கள் கிடையா. மெல்லிய நார் மட்டுமே உண்டு. ஆகவேதான் அது உடலைக் குத்துவதில்லை.

தந்தை கொண்டுவந்த துண்டை எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்களிடம் காட்டினேன். அவர்கள் கையுறை அணிந்து, அதில் ஒரு சிறு பகுதியை வெட்டி, துணி வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்தார்கள். மறுநாள் சதை முழுவதும் கரைந்து, சோதனைக் குழாயின் அடியில் வெண்மையான மாவு போன்ற படிவு மட்டும் இருந்தது. அதைப் பலமுறை நீரால் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். அப்பப்பா! வைக்கோற்போரைக் கலைத்துவிட்டாற்போல ஆயிரக்கணக்கான கண்ணாடி ஊசிகள்! இரு முனையும் கூராக, லேசாக வளைந்து ஒரே மாதிரி இருந்தன. பிறகு அமிலத்தில் ஒரு சொட்டு விட்டோம். சுண்ணாம்பாயின் நுரைத்திருக்கும், நுரைக்கவில்லை. எனவே இது சிலிக்கா வகை என்று தெரிந்தது. "இது ஹாப்லோஸ்கிளெரிடா என்ற வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதற்குமேல் சொல்லத் தேர்ந்தவர்கள்தான் வேண்டும். இந்த எளிய ஊசி மட்டுமே உள்ள இனங்கள் ஏராளம்," என்றார்கள் சகோதரி.

அப்படித் தேர்ந்தவர்கள் நம் கடலுக்கு வாய்த்ததுண்டா? உண்டு. சென்னைக் கரையோரம் எட்கர் தர்ஸ்டன் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்ற ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்து 1887-இல் அறிக்கை வெளியிட்டார். மன்னார் வளைகுடாவிலிருந்து சென்றவற்றைப் பற்றி 1889-இல் மீண்டும் எழுதினார். இலங்கையின் முத்துச் சிப்பிப் பாறைகளை ஆராய ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் 1902-இல் வந்தபோது சேகரித்தவற்றையும் டெண்டியே விவரித்து, 1905-இல் ஒரு பெரிய அறிக்கையாகத் தந்தார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த ஆழமற்ற கடலின் பஞ்சுகளை மாரிஸ் பர்ட்டனும் நம் நாட்டவரான சீனிவாச ராவும் சேர்ந்து ஆராய்ந்து 1932-இல் எழுதினார்கள். அதன் பின்னர், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஏ. தாமஸ் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டு பதிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் முட்களைப் பிரித்து, அளந்து, வரைந்து, பழைய நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

இனி, தந்தையின் கேள்விக்கு வருகிறேன். பெயர் தெரிந்து என்ன பயன்?

காரைக்காலுக்கு அருகே கிளிஞ்சல்மேடு என்ற மீனவக் கிராமம் உண்டு. பெயரே சொல்வதுபோல் கிளிஞ்சல்கள் கரை சேரும் ஊர். அங்கே பொறுக்கிய பழைய சிப்பி ஓடுகள் சிலவற்றில், ஊசியால் குத்தியதுபோல் வட்ட வட்டமான துளைகளைக் கண்டேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல் அறைகள்! இது கிளையோனா என்ற துளையிடும் கடற்பஞ்சின் வேலை என்று சகோதரி விளக்கினார்கள். கிளையோனா இனம் ஒன்றுக்கு 1826-இல் பெயர் சூட்டியவரும் முன்னே சொன்ன அதே கிராண்ட்தான். அது ஓட்டை உண்பதில்லை. ஓட்டின் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அரித்துக் குடியிருக்க இடம் செய்துகொள்கிறது. ஓடு வலுவிழந்தால் உள்ளிருக்கும் பிராணிக்கு ஆபத்து. முத்துச் சிப்பிக்கும், சங்குக்கும், பவளப் பாறைக்கும் இத்தகைய இனங்கள் செய்யும் சேதத்தைப் பற்றித் தாமஸ் 1979-இல் தனியாகவே எழுதினார். எது துளையிடும் இனம், எது தீங்கற்ற இனம் என்று தெரியாமல் சிப்பி வளர்ப்போர் என்ன செய்ய முடியும்?

தீங்கு மட்டுமா? நன்மையும் உண்டு. 1949-இல் டி லாபென்ஃபெல்ஸ் என்பவர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சை விவரித்து, கிரிப்டா என்று முடியும் பெயரை இட்டார். அடுத்த சில ஆண்டுகளில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலார் அதே இனத்திலிருந்து புதுமையான சில பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றின் அமைப்பைப் பார்த்து உருவாக்கப்பட்ட சைட்டராபின் என்னும் மருந்து, 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோயால் வாடுபவர்களுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. கடலடியில் கிடந்த ஒரு 'கழிவு' எத்தனை குழந்தைகளுக்கு வாழ்வளித்திருக்கிறது! பெயரும் விவரமும் இல்லாதிருந்தால், அதே பஞ்சை மறுபடியும் தேடி எடுப்பது எப்படி?

சட்டமும் பெயரைத்தான் கேட்கிறது. 2001-ஆம் ஆண்டில் சுண்ணாம்பு வகைக் கடற்பஞ்சுகள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வலையில் வந்தது சுண்ணாம்பு வகையா, சிலிக்கா வகையா என்று பார்த்த மாத்திரத்தில் யாரால் சொல்ல இயலும்? பெயர் அறியாத ஒன்றை நாம் காக்கவும் முடியாது. அது குறைந்துபோனாலும் நமக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு தந்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வலையைக் கோத்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த முறை கரை திரும்பியபோது, ஒரு சிறு துண்டை உப்புநீர் ஊற்றிய டப்பாவில் வைத்துக் கொடுத்து, "பன்னெண்டு பாகம் ஆழம். கல்லுத் தரை. எடுக்கையில நல்ல ஆரஞ்சுக் கலரா இருந்துச்சு," என்றார். ஆராய்ச்சியாளர் குறிக்க வேண்டியவற்றில் மூன்றை அவர் சொல்லிவிட்டார்!

அதை என் நோட்டில் நாள், ஆழம், தரை, நிறம் என்று கட்டம் போட்டு எழுதி வருகிறேன். இதுவரை ஏழு பதிவுகள் சேர்ந்துள்ளன. ஏழிலும் பெயர் என்னும் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தெற்கே மண்டபத்தில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கடலோடு பிறந்து வளர்ந்த நாம் இருக்கிறோம். அன்புத் தோழியரே, மேல்வகுப்பில் உயிரியல் எடுக்க எண்ணுவோர் நம்முள் பலர். மருத்துவம், செவிலியர் படிப்பு என்று சொல்லும்போது இதையும் சற்றே நினைத்துப் பாருங்கள். அந்தக் காலிக் கட்டங்களை நிரப்ப நம்மில் ஒருத்தியாவது படித்து வரவேண்டும். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.