இரண்டரை மணி நேரத்தில் தாராவி

மாஹிம் ரயில் நிலையத்து நடை மேம்பாலத்தில் ஏறிக் கிழக்கே இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை தகரக் கூரைகள். வழிகாட்டியின் பின்னால் ஐந்தாறு வெளிநாட்டவர் குறுகிய சந்துக்குள் நுழைகிறார்கள். யார் கையிலும் கேமரா இல்லை. படம் எடுக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை.

ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேயர் கிறிஸ் வே, கிருஷ்ணா பூஜாரியுடன் சேர்ந்து 2005இல் தொடங்கிய ‘ரியாலிட்டி டூர்ஸ்’ நிறுவனம் இந்த நடைப் பயணத்துக்கு வழி வகுத்தது. லாபத்தில் 80 சதவீதத்தைத் தாராவியின் கல்விப் பணிகளுக்குத் தருவதாக ஒப்பந்தம். 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்த பிறகு கூட்டம் பெருகியது. வறுமையைக் காட்சிப் பொருளாக்கலாமா என்ற சர்ச்சையும் கூடவே வளர்ந்தது.

ஆனால் பயணி பார்ப்பது வறுமையை அல்ல, வேலையை. பதிமூன்றாவது காம்பவுண்டில் நகரம் எறிந்த பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து, நொறுக்கி, கழுவிக் கூரை மேல் காய வைக்கிறார்கள். அடுத்த பட்டறையில் அலுமினியக் கழிவு உருகுகிறது. சந்து முற்றத்தில் பெண்கள் தேய்த்த அப்பளம் கவிழ்த்த கூடைகள் மேல் வெயிலில் காய்கிறது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள் வீட்டு வாசலிலேயே புகைகின்றன. வீடும் தொழிற்கூடமும் ஒன்றே என்பதுதான் தாராவியின் பொருளாதாரம்.

சரித்திரமும் இருக்கிறது. மித்தி ஆற்றருகே நிற்கும் காலா கில்லா, பம்பாய் கவர்னர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்கிறது அதன் கல்வெட்டு. கோலி மீனவர்களின் கோலிவாடாதான் இங்குள்ள மூத்த குடியிருப்பு. படீ மசூதி 1887இலும் கணேசர் கோயில் 1913இலும் எழுந்தன.

தமிழ் வாசகருக்கு இது வேறொரு பயணம். தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமை முஸ்லிம்களும், பின்னால் வந்த ஆதி திராவிடர்களும் சதுப்பைத் தூர்த்து இந்த மண்ணை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். 1971இல் பாந்த்ரா ஆட்டுத்தொட்டி தேவ்னாருக்குப் போனது. காலப்போக்கில் பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியேறியது. பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் தங்கிவிட்டன. விடியுமுன்பே ஆவி பறக்கும் இட்லிகள் இங்கிருந்துதான் சைக்கிளேறி மும்பைத் தெருக்களுக்குப் போகின்றன. தொண்ணூறடிச் சாலையில் தைப் பொங்கலன்று பெண்கள் வரிசையாகப் பானை வைக்கும் காட்சியைக் காண ஜனவரியில் வர வேண்டும்.

இன்னும் எத்தனை ஜனவரி? ஏறத்தாழ 600 ஏக்கர் தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்பு வைத்து முதலிடம் பெற்றது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடிவாசிகளுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். இங்கே கீழே பட்டறை, மேலே குடித்தனம் என்பது சாதாரணம். ஆக, ஏணி ஏறி வாழ்ந்தவர்கள் ஊரை விட்டு இறங்க வேண்டும். தகுதி பெற்றவருக்கும் கேள்வி உண்டு: அடுக்குமாடியில் சூளையை எங்கே வைப்பது, அப்பளத்தை எங்கே காய வைப்பது?

கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. வீட்டோடு பிழைப்பும் வருமா என்பதுதான் வழக்கு. வந்து பார்க்கும் பயணிக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஒரு சதுப்பு நிலத்தை ஊராக்கியவர்களுக்குத் தங்கள் பங்கை நிரூபிக்க ஒரு பழைய மின் ரசீதோ, வாக்காளர் பட்டியலில் ஒரு வரியோ தேவைப்படுகிறது.