உறங்கிய தூது

தூது என்னும் சிற்றிலக்கிய வகையை இளங்கலை வகுப்பில் பல்லாண்டுகளாக நாம் நடத்தி வருகிறோம். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூது செல்லுதற்குரியவை பத்து என்று இலக்கண நூலார் வகுத்துரைத்ததை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவர். ஒவ்வோராண்டும் எவரேனும் ஒருவர் எழுந்து, "ஐயா, பதினொன்றாவதாகக் கைபேசியைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும்; நாமும் சிரிப்போம். அனுப்பிய தூது போய்ச் சேராமற்போனால் என்ன ஆகும் என்று அதுவரை எந்த மாணவரும் கேட்டதில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் குடும்பம் காயல்பட்டினத்தைச் சேர்ந்தது. கடல் கடந்து பொருளீட்டப் போன ஆடவரும் ஊரிலே காத்திருந்த பெண்டிருமாக வாழ்ந்த குடும்பங்களுள் அதுவும் ஒன்று. பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்த நாளில் வாப்பும்மா அவருக்கு அரபுத்தமிழிலேதான் கடிதம் எழுதுவாராம். காக்கா துபாய்க்குச் சென்றது 1999-ஆம் ஆண்டில். வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவை அழைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நாமே அவரை அழைப்போம். மகனிடம் நலம் விசாரிக்கும்போதே உம்மாவின் கண், சிவப்பு எண்களில் ஏறிக்கொண்டிருக்கும் கட்டணத்தின் மீதுதான் இருக்கும். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவார். பூத்துக்குள் நுழைந்ததும் பாதியை மறந்துவிடுவார்.

நாம் எம்.ஃபில். படித்த 2003-04 கல்வியாண்டின் கட்டணம், விடுதிச் செலவு, ஆய்வேட்டின் தட்டச்சுக் கூலி அனைத்தும் காக்கா அனுப்பியவை. (அந்தப் பட்டப்படிப்பையே பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டின் விதிகளால் நிறுத்திவிட்டது என்பது வேறு கதை. நம் பெயருக்குப் பின்னால் அது இன்னும் நிற்கிறது.) காக்கா எட்டாம் வகுப்போடு கல்வியை விட்டவர். அதனையும் இங்கே சொல்லி வைப்பது நல்லது.

பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்பெடுப்பதற்காக 2020-இல் வாங்கிய மலிவான கைபேசி ஒன்று நம்மிடம் இருந்தது. மூன்றாண்டுகளில் அதன் மின்கலம் உப்பி, பின்மூடி எழும்பி நின்றது. இதை எப்படியோ கேள்வியுற்ற காக்கா, 2024 சனவரியில் விடுப்பில் வந்த ஊர்க்காரர் ஒருவர் கையில் புதிய திறன்பேசி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கவனமாகச் சுரண்டி எடுத்திருந்தார்.

புதிய கருவியோடு பழகுதல் நாற்பதைக் கடந்தோர்க்கு எளிதன்று. விரல்ரேகை வைத்தால் திறக்கும் என்றனர். சுண்ணத்துகள் படிந்த ஆசிரிய விரலை அது தன் உடையவனின் விரலாக ஏற்க மறுத்தது. சொன்னால் எழுதும் என்றனர். "உமறுப்புலவர்" என்று நாம் சொல்ல, "ஊமைப் புலவர்" என்று எழுதிக் காட்டிற்று. சீறாப்புராணம் நடத்தும் ஒருவருக்கு இதனினும் பெரிய அவமதிப்பு வேறு வேண்டுமோ! தொழுகை நேரச் செயலியின் ஒலியை அடக்கத் தெரியாமல் துறைக்கூட்டத்திற்குப் போய்விட்டோம். நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பொருள் முடிவதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. துறைத்தலைவர் கூட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டார். அன்று அச்செயலியைப் பாராட்டாதார் இலர். பழைய பதிப்புகளின் பக்கங்களைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டது மட்டும் உண்மையிலேயே பெரும்பேறு. மங்கிய அச்சில் புள்ளி எது, பூச்சியரித்த துளை எது என்று பிரித்தறிய முடிந்தது.

ஆயினும் நம் மனம் முழுவதையும் கவர்ந்தது மின்கலந்தான். உப்பிய மின்கலத்தோடு வாழ்ந்தவர்க்கு அதன் அருமை தெரியும். முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும், முற்றிலும் இறங்கிய பின்னரே மீண்டும் ஏற்ற வேண்டும் என்று கடைத்தெருவில் ஒருவர் அறிவுரை கூறினார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நம் மகன் அதைக் கேட்டு நகைத்தான். அது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்களுக்கு உரிய வழக்கமாம். சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி வகைக்கு அது பொருந்தாதாம். முற்றிலும் வெறுமையாவதும் எந்நேரமும் நிரம்பி வழிவதும் இதற்கு ஆகாது. இருபதிலிருந்து எண்பது விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் ஆயுள் நீளும். வெப்பமே இதன் பெரும்பகை. இவ்வகை மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஜான் குடினஃப் அவர்களுக்கு அப்போது வயது 97. அத்துணை முதிய வயதில் அப்பரிசு பெற்றவர் வேறு எவருமில்லை என்பதையும் மகனே சொன்னான். ஓய்வு பெறும் ஆண்டை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த நமக்கு அச்செய்தி சிறிது நாணத்தை விளைத்தது.

அன்று தொடங்கிற்று ஒரு பித்து. திரையின் ஒளியைக் குறைத்தோம். இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்தோம். காலையில் 80, மதியம் 71, மாலை மஃரிபுக்கு 63 என்று கணக்கு வைத்தோம். ஆசிரியர் அறையில் எவரேனும் சார்ஜருக்கு அலைந்தால், "நமக்கு இரண்டு நாள் நிற்கிறது" என்று கேளாமலே சொன்னோம். அதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. காக்கா அனுப்பிய பொருளைப் பொன்போலக் காக்கிறோம் என்றே நம்மை நாம் நம்பவைத்துக்கொண்டோம்.

செயலிகளை நாம் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்பதைக் கவனித்து அதற்கேற்ப மின்சாரத்தைப் பங்கிடும் முறை, 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9-இல் புகுந்தது. கையில் இருப்பது, அன்றாடம் வேண்டுவது, அடிக்கடி வேண்டுவது, அரிதாக வேண்டுவது என அது செயலிகளைப் பிரித்து வைக்கிறது. கடைசி வகுப்புக்குப் போகப் போக, திரைக்குப் பின்னால் ஓடுவதற்கான வாய்ப்பு குறையும். பகுத்து வைப்பது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. அகம் புறம் என்று தொடங்கி அதிலேயே பிழைக்கிறோம். இதன் மேல், அரிதான செயலிகளை அடியோடு உறங்க வைக்கும் வசதியும் நம் கைபேசியில் இருந்தது. அவ்வாறு உறங்கும் செயலி, நாமாகத் திறந்தாலன்றி விழிக்காது. மார்ச்சு மாதத்தில் ஒருநாள் கைபேசி ஒரு பட்டியலைக் காட்டி, "இவற்றை உறங்க வைக்கலாமா?" என்னும் பொருள்படத் தூய தமிழில் கேட்டது. நாம் 'ஆம்' என்பதை அழுத்தினோம். வினாவை முழுதும் படித்த பின்னரே விடை எழுதுக என்று இருபதாண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வரும் நாம், அப்பட்டியலைப் படிக்கவில்லை.

அமீரகத்திலிருந்து வாட்ஸ்அப் வழியே எழுத்தும் படமும் அனுப்பலாம். நேரடிக் குரலழைப்பு நடவாது. அங்குள்ளோர் அந்நாட்டில் இசைவு பெற்ற வேறு செயலிகள் வழியே ஊரோடு பேசுவர். நம் கைபேசியில் அத்தகைய செயலி ஒன்று காக்கா ஒருவருக்காகவே இருந்தது.

மே மாதம் விடைத்தாள் திருத்தும் பணியில் மூழ்கியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்குகையில், துபாயிலிருந்து முந்திய நாள் வந்திருந்த ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு, "காக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். நாம் விழித்தோம். அவர் அதைவிட விழித்தார். பதினொரு நாள்களுக்கு முன் காக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததும், மருத்துவமனையில் சேர்த்து இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததும், அறைத்தோழர்கள் மாறிமாறி உடனிருந்ததும் அப்படிக்கட்டில்தான் நமக்குத் தெரியவந்தன. சுற்றி நின்ற பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நம் தோளைத் தொட்டுவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

வீட்டுக்கு வந்து அச்செயலியைத் திறந்தோம். அதுவரை எங்கோ அடைபட்டிருந்த அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஏற்கப்படாத அழைப்புகள் ஒன்பது. அவற்றுள் நான்கு, ஒரே இரவில், நம் நேரப்படி பதினொன்றரை மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வந்தவை. அங்கே அப்போது மணி பத்து. மறுநாள் காலையில்தான் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

அழைத்தோம். இரண்டாம் மணியிலேயே எடுத்தார். குரல் சற்றே மெலிந்திருந்தது. முதலில் உம்மாவுக்குச் சொல்லிவிட்டோமா என்றுதான் கேட்டார். சொல்லவில்லை என்றதும், "சொல்லாதே, நானே வந்து சொல்லிக்கிறேன்" என்றார். ஏன் வேறு வழியில் செய்தி அனுப்பவில்லை என்று கேட்டோம். "பேப்பர் திருத்துற நேரம், வேலையா இருப்பேண்டு நினைச்சேன். பொம்புளைங்களைப் பயமுறுத்தவும் மனசு வரலை" என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தபடியே, "ஒனக்கு எழுதறதுக்குப் பயமா இருக்கும் தம்பி. நீ பிழை பார்ப்பே" என்றார்.

விளையாட்டுப் பேச்சன்று அது. நாம் எம்.ஃபில். படிக்கையில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் ரகர றகரப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதே தாளைத் திருப்பி அனுப்பியிருந்தோம். அக்கடிதத்தோடு வந்த வங்கி வரைவோலையில் பிழை எதுவும் இருந்ததாக நினைவில்லை. அதன் பின் அவர் நமக்குக் கடிதம் எழுதியதேயில்லை. இருபதாண்டுகளாக அது நம் கருத்திற் படவுமில்லை.

மறுநாள் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் துறையறையில் அமர்ந்து கைபேசியைச் சோதித்தார். உறங்கும் செயலிகளின் பட்டியலைத் திறந்து காட்டி, "ஐயா, நீங்களேதான் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்" என்று தயக்கத்தோடு சொன்னார். பேருந்து முன்பதிவுச் செயலிக்கும், என்றோ ஒருநாள் இறக்கிய சமையற் குறிப்புச் செயலிக்கும் நடுவே காக்காவின் செயலி கிடந்தது. எடுத்துவிட்டார், அரை நிமிட வேலை. அவர் போன பின்னும் நாம் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சனவரி முதல் அச்செயலியில் நடந்த பேச்சுகளின் பட்டியல் அதிலேயே இருந்தது. ஒவ்வொன்றும் அவர் அழைத்தது. நாம் அழைத்தது, முந்திய நாளின் அந்த ஒன்று மட்டுமே. அரிதானவை என்று கைபேசி வகுத்ததில் பிழையில்லை. நாம் எப்படி நடந்துகொண்டோமோ அதைப் பார்த்துத்தான் அது வகுத்தது. ஒரு வெள்ளியும் தவறாமல் உம்மாவோடு பூத்துக்கு நடந்து போன காலத்தில், ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பேசினோம்; பணமில்லாமல் பேசலாம் என்று ஆன பின் அழைக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் காக்கா விடுப்பில் வந்தார். உம்மாவிடம் செய்தியை அவரே சொன்னார். உம்மா அவரை விட்டுவிட்டு நம்மைத்தான் ஏசினார். திரும்பிப் போன பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து முதன்முதலாக ஒரு வரி வந்தது: 'தம்பி மருந்து சாப்பிடுரேன் உம்மாட்ட சொல்லு'. வல்லினம் வர வேண்டிய இடத்தில் இடையினம். உம்மாவிடம் வாசித்துக் காட்டினோம்; அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

இப்போது நம் கைபேசி இரண்டு நாள் நிற்பதில்லை. இஷாவுக்குள் இருபதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆசிரியர் அறையில் சார்ஜருக்கு அலைவோர் வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டோம். இரவில் அவருக்கு வேலை முடியும் நேரத்தில் நாமே அழைக்கிறோம். சில நாள்களில் பேச ஒன்றும் இருப்பதில்லை. அங்கே மீன் என்ன விலை, இங்கே என்ன விலை என்பதோடு சரி. நேற்று பேச்சின் நடுவே ஒன்பது விழுக்காடு என்று திரை சிவந்தது. சார்ஜர் கம்பி நாற்காலி வரை எட்டாது. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.