சூட்டு மருந்தும் ரெண்டு ஏக்கர் வயலும்



காக்கா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் வைத்தியச் செலவுக்கு வசூல் கேட்டு பதிவு வரும்போதெல்லாம் இதை எழுத நினைப்பேன். இன்றுதான் மனம் வந்தது.

காக்காவுக்கு இரைப்பையில் புற்றுநோய். ஒரு வருஷமாக "கேஸ்ட்ரைட்டிஸ்தான்" என்று பார்மசியில் குளிசை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். கெமரா விட்டுப் பார்த்தபோது நோய் இரைப்பையைத் தாண்டி வயிற்றின் உள்உறை வரை பரவியிருந்தது. மஹரகமயில் கீமோ தொடங்கியது.

அந்த நேரம் உறவினர் ஒருவர் வீடியோ ஒன்று அனுப்பினார். இந்தியாவில் ஒப்பரேஷன் செய்து, சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் விடுகிறார்களாம். செலவைக் கேட்டால் ரெண்டு ஏக்கர் வயலின் விலை. விற்போம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். காக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ வாத்தியார்தானே. வாசிச்சிப் பாத்திட்டுச் சொல்லு. வயலையும் வித்துப்போட்டு நானும் போனா மூணு பொம்புளப் புள்ளைகளும் என்ன செய்யும்?"

வாசித்தேன். டொக்டரிடமும் கேட்டேன். அதற்குப் பெயர் ஹைபெக். முதலில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் வெட்டியெடுப்பார்கள். பிறகு 41 முதல் 43 பாகை வரை சூடாக்கிய மருந்தை ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வயிற்றுக்குள் சுற்ற விடுவார்கள். மருந்து சில மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் இறங்கும். அதனால் பெரிய கட்டிகள் மிச்சமிருந்தால் பலன் குறைவு. காக்காவுக்குப் பரவியிருந்த அளவில் முழுவதையும் எடுக்க முடியாது என்று டொக்டர் சொன்னார்.

2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றையும் விளங்கப்படுத்தினார். காக்காவைப் போல உள்உறைக்குப் பரவிய 105 பேர். பாதிப்பேருக்கு ஒப்பரேஷன் மட்டும், மற்றவர்களுக்கு சூட்டு மருந்தும் சேர்த்து. நோய் மீண்டும் முற்றுவது 3.5 மாதத்திலிருந்து 7.1 மாதத்துக்குப் பிந்தியது. ஆனால் இடைநிலை ஆயுள் இரு பக்கமும் ஒன்றுதான்: 14.9 மாதம். அந்த வைத்தியம் பொய்யில்லை. சூலகப் புற்றுநோயில் சிலருக்கு அது ஆயுளைக் கூட்டியதாக நெதர்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. காக்காவின் நோய்க்குத்தான் அது பொருந்தவில்லை.

இதைக் காக்காவிடம் சொன்ன இரவை மறக்க மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வயல் இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். சாதாரண கீமோவோடு பதினொரு மாதம் இருந்தார். கடைசிப் போகத்தில் வரம்பில் கதிரை போட்டு உட்கார்ந்து அறுவடையைப் பார்த்தார்.

மதினி ஒருநாள், "ஒருக்கா போய்ப் பாத்திருக்கலாமோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஆனால் காக்காவிடம் பொய் சொல்லவில்லை என்ற ஆறுதல் இருக்கிறது.

வசூல் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசு சேர்க்க முன், நோயாளியைப் பார்க்கும் டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வைத்தியம் இவருடைய நோய்க்குப் பொருந்துமா? எவ்வளவு காலம் கூடும்? அந்தக் காலம் எப்படிக் கழியும்? பதில் நல்லதாக இருந்தால் முதல் ஆளாக நானும் தருகிறேன்.

வயிற்றெரிவு வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு கொஞ்சத்திலேயே நிறைந்தால், நிறை குறைந்தால், மலம் கறுத்தால் பார்மசியோடு நிற்காதீர்கள். கெமரா பரிசோதனை கேளுங்கள். காக்கா ஒரு வருஷம் முந்திப் போயிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திராது.

அவருக்காக துஆ செய்யுங்கள்.