எண்ணெயை நிறுத்திய அத்தை

போன வருஷம் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை இன்று சொல்லிவிடுகிறேன். நீங்களாவது அதைச் செய்யாமல் இருங்கள்.

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்த நேரம். "நீதான் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறியே, இது எப்படிடா வளருது?" என்று கேட்டார். அந்த வாரம்தான் செமினாருக்காகக் கொழுப்பு உற்பத்தி பற்றிப் படித்திருந்தேன். விடுவேனா! "புற்றுநோய் செல்லுக்குக் கொழுப்பு வேணும் அத்தை. அது கிடைக்காம பண்ணிட்டா வளராது" என்று அடித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், எண்ணெய், பால், தேங்காய், வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். வெறும் ரசஞ்சாதம்தான். எடை இறங்கிப்போனதால் டாக்டர் அடுத்த கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்.

நான் சொன்னது பாதி உண்மை. மீதியைப் பார்ப்போம்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதுச் சவ்வு வேண்டும். அதற்குக் கொழுப்பு வேண்டும். நம் சாதாரண செல்களில் பெரும்பாலானவை ரத்தத்தில் வருவதை எடுத்துக்கொள்கின்றன. பல புற்றுநோய் செல்களோ தாங்களே சமைத்துக்கொள்கின்றன. இதை 1953-லேயே கிரேஸ் மெடெஸ் குழுவினர் கண்டார்கள். சமையல்காரர் பெயர் ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் என்ற என்சைம். மார்பகப் புற்று மோசமாகப் போவதன் அடையாளமாகக் கருதப்பட்ட ஓஏ-519 என்ற புரதம் இதுதான் என்று 1994-ல் தெரிந்தது.

சரி, இதைத் தடுத்தால்? செருலெனின், சி75 போன்றவற்றைப் போட்டபோது ஆய்வகத் தட்டுகளில் புற்றுநோய் செல்கள் வளராமல் நின்றன, செத்தும் போயின. ஆனால் சி75 கொடுத்த எலிகள் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தன. எடை குறைக்கும் மாத்திரையான ஆர்லிஸ்டாட்டும் இந்த என்சைமைத் தடுக்கும் என்று 2004-ல் கண்டார்கள். ஆனால் அது குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் சேராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் அடுப்பை அணைத்தால் கடையில் வாங்கிச் சாப்பிடுவதில்லையா? தடுப்பு மருந்தோடு பால்மிட்டிக் அமிலத்தையும் சேர்த்து ஊற்றினால் பல செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. மூளையில் இந்த வெளிவரத்து குறைவு. அதனால் அங்கே பரவிய ஒருவகை மார்பகப் புற்று இந்த என்சைமையே அதிகம் நம்பியிருப்பதை 2021-ல் எலிகளில் காட்டினார்கள்.

இப்போது அத்தை விஷயம். இந்த என்சைம் நாம் ஊற்றும் எண்ணெயை வைத்துச் சமைப்பதில்லை. சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து வரும் அசிடைல் கோஏ-வை வைத்துச் சமைக்கிறது. அதாவது, அத்தை நிறுத்தாத அந்தச் சோறு போதும்! எண்ணெயை நிறுத்துவதும் என்சைமைத் தடுப்பதும் ஒன்றல்ல. நான் சொன்னது செல்லுக்குள் இருக்கும் அடுப்பை. அவர் அணைத்தது தன் வீட்டு அடுப்பை.

இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இனிமே முழுசாப் படிச்சிட்டு வாயைத் திற" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டு இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான்.